கிராமத்துல வீடு, வயல், மாடு, கடை: எதுக்கு எந்த இன்சூரன்ஸ், என்ன பார்த்து போடணும்

இன்சூரன்ஸ்னு சொன்னதும் எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "எந்த கம்பெனி நல்ல கம்பெனி?" தான். கிராமத்துல இருக்கவங்களுக்கு அது மூணாவது கேள்வியோ நாலாவது கேள்வியோ தான் ஆகும். பயிர் காப்பீட்டுல கம்பெனிய நீங்க தேர்ந்தெடுக்கவே முடியாது, உங்க மாவட்டத்துக்கு அரசு டெண்டர் விட்டு யார முடிவு பண்ணுதோ அவங்க தான். வீட்டுக்கும் சின்ன கடைக்கும் வர்ற அடிப்படை பாலிசியோட வாசகம் எல்லா கம்பெனியிலயும் கிட்டத்தட்ட ஒண்ணு தான், ஏன்னா 2021 ஏப்ரல்ல இருந்து ஐஆர்டிஏஐ, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்கிற அரசு ஆணையம், அத ஒரே மாதிரி ஆக்கிடுச்சு. அப்ப எங்க தான் ஆளுங்க கோட்டை விடுறாங்கன்னு பார்த்தா, பாலிசி பேப்பர்ல எழுதியிருக்கறதும் நிலத்துல இருக்கறதும் ஒத்துப்போகாத இடத்துல தான். சர்வே நம்பர் ஒண்ணு, நட்ட வயல் இன்னொண்ணு. பேப்பர்ல தார்சு (கான்கிரீட்) வீடு, நேர்ல பாதி ஷீட்டு. மாட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கு, காதுல நம்பர் போட்ட வில்லை இல்ல. நான் கீழ எழுதுறது பூரா இந்த ஒத்துப்போக வைக்கிற வேலைய பத்தி தான்.

போடறதுக்கு முன்னாடி ஒரு நோட்டுல உங்ககிட்ட இருக்கறத எல்லாம் எழுதுங்க. வீடு, நிலம், என்ன பயிர், மாடு எத்தனை, மோட்டார், டிராக்டர், கடை, கடையில சரக்கு, குடோன் இருந்தா அது எங்க. பக்கத்துலயே இது போனா திரும்ப வாங்க எவ்வளவு ஆகும்னு போடுங்க. எது போனா ரெண்டு வருஷத்துக்கு எழுந்திரிக்க முடியாதோ அதுக்கு தான் முதல் பணம். மிக்ஸி, போன், கடை போர்டுக்கெல்லாம் இன்சூரன்ஸ் தேடாதீங்க, அது போனா கைக்காசுல வாங்கிக்கலாம். நம்ம ஆளுங்க இத தலைகீழா செய்வாங்க, முப்பதாயிரம் ரூபா போனுக்கு பாதுகாப்பு பிளான் இருக்கும், பதினஞ்சு லட்ச ரூபா வீட்டுக்கு ஒண்ணும் இருக்காது.

வயலுக்கு

பிரதம மந்திரி பயிர் காப்பீட்டு திட்டம் 2016ல வந்தது. விவசாயி கட்டவேண்டிய பங்கு, காரிஃப்ங்கற முதல் பருவ உணவுப்பயிர், எண்ணெய் வித்துக்கு காப்பீட்டு தொகையில 2 சதவீதம், அடுத்து வர்ற ராபி பருவத்துக்கு 1.5 சதவீதம், வருஷ வணிக பயிர், தோட்டக்கலை பயிருக்கு 5 சதவீதம். மீதி பிரீமியத்த மத்திய மாநில அரசு கட்டுது. சம்பா, தாளடி, பிசானம் நெல்லு எல்லாம் ராபி கணக்குல வரும். உதாரணத்துக்கு ஏக்கருக்கு காப்பீட்டு தொகை 36,000 ரூபான்னு வச்சுக்கிட்டா நீங்க கட்டுறது 540 ரூபா. இந்த விலைக்கு இவ்வளவு பெரிய கவர் வெளிய எங்கயும் கிடைக்காது, அதனால அறிவிச்ச பயிரா இருந்தா யோசிக்காம போட்டுடுங்க. ஆனா எத வாங்குறோம்னு தெரிஞ்சு போடுங்க.

இங்க தான் பெரிய குழப்பமே. இது உங்க வயலுக்கு மட்டும் போடுற இன்சூரன்ஸ் இல்ல, பகுதிக்கான இன்சூரன்ஸ். நெல்லுக்கு நம்ம பக்கம் வருவாய் கிராமம் ஒரு யூனிட். கிராமத்துல சில வயல்கள குலுக்கல் மாதிரி எடுத்து பயிர் அறுவடை பரிசோதனை நடத்துவாங்க, அதுல வர்ற சராசரி மகசூல் தான் அந்த ஊர்ல எல்லாருக்கும். கடந்த 7 வருஷத்துல நல்லா விளைஞ்ச 5 வருஷத்தோட சராசரிய எடுத்து, அத இழப்பீட்டு மட்டம்னு 70, 80 இல்ல 90 சதவீதத்தால பெருக்கினா வர்றது உத்தரவாத மகசூல். அதுக்கு கீழ எவ்வளவு குறைஞ்சதோ அந்த விகிதத்துல தான் பணம். உத்தரவாதம் ஆயிரம் கிலோ, இந்த வருஷ சராசரி 700 கிலோன்னா 30 சதவீதம் குறைவு, 36,000 ரூபா கவர்ல 10,800 ரூபா. சராசரி ஆயிரத்து பத்து கிலோ வந்துட்டா உங்க வயல்ல ஒரு மூட்டை கூட தேறலைன்னாலும் அந்த கணக்குல ஒரு ரூபா கிடையாது. "எனக்கு பூராவும் போச்சு, பக்கத்து ஊருக்கு வந்துருக்கு எனக்கு வரல"ன்னு வருஷா வருஷம் ஆபீஸ் வாசல்ல நடக்குற சண்டைக்கு பாதி காரணம் இது தான். அதனால பரிசோதனை நடக்குற அன்னைக்கு வேளாண்மை துறைக்காரங்க, கம்பெனி ஆள் எல்லாம் வரும்போது ஊர்ல நாலு பேர் போய் பக்கத்துல நில்லுங்க, எடை போடுறத பாருங்க. அது உங்க உரிமை, யாரும் கோச்சுக்க மாட்டாங்க. கோச்சுக்கிட்டாலும் நில்லுங்க.

தனி வயலுக்கு பார்த்து பணம் தர்ற வழியும் இருக்கு, ஆனா சில சேதத்துக்கு மட்டும் தான். ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேக வெடிப்பு, இயற்கையா பிடிச்ச தீ மாதிரி. நெல் தண்ணில மூழ்குறத 2018ல இந்த லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாங்க, டெல்டாக்காரங்களுக்கு அது பெரிய அடி. 2025 நவம்பர்ல அத மறுபடி சேர்க்கறதாவும், காட்டு விலங்கு தாக்குதலையும் புதுசா சேர்க்கறதாவும் மத்திய அரசு அறிவிச்சுது, 2026 காரிஃப்ல இருந்து நடைமுறை. காட்டுப்பன்றி, யானை தொந்தரவு இருக்க ஊர்க்காரங்க, மாநில அரசு அறிவிக்கிற விலங்கு லிஸ்ட்லயும் பகுதி லிஸ்ட்லயும் நம்ம ஊர் இருக்கான்னு வேளாண்மை விரிவாக்க மையத்துல கேட்டுக்கோங்க.

இந்த தனி வயல் சேதத்துக்கு எல்லாம் ஒரே ஒரு விதி உயிர்நாடி, 72 மணி நேரத்துக்குள்ள தகவல் சொல்லணும். 14447ங்கற எண்ணுக்கு போன் பண்ணலாம், பயிர் காப்பீட்டு ஆப்ல வயல்ல நின்னு போட்டோ எடுத்து போடலாம், பேங்க்ல, வேளாண் ஆபீஸ்லயும் சொல்லலாம். சொன்னதுக்கு ஒரு டாக்கெட் நம்பர் வரும், அத எழுதி வைங்க. வி.ஏ.ஓ. கிட்ட வாய்வார்த்தையா சொன்னேன், தலைவர் வந்து பார்த்துட்டு போனாருங்கறது எல்லாம் இதுல சேராது.

அறுவடைக்கு அப்புறம் 14 நாள் கவர் உண்டுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அது அறுத்து வயல்லயே பரப்பியோ சின்ன கட்டா கட்டியோ காய வச்சிருக்க பயிருக்கு, புயல், புயல் மழை, பருவம் தப்பின மழை வந்தா. மெஷின்ல அறுத்து டிபிசி (அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையம்) வாசல்ல குவிச்சு வச்சு நனைஞ்ச நெல்லுக்கு இந்த கவர் கிடையாது. கொள்முதல் நிலையத்துல பத்து நாள் காத்து கெடக்குற நெல்லுக்கு யாரும் இதுவரைக்கும் ஒழுங்கான வழி பண்ணல, அது தனி புலம்பல். ஊரோட விதைக்கவே முடியாம போனா காப்பீட்டு தொகையில 25 சதவீதம் வரை தந்துட்டு பாலிசி முடிஞ்சுரும், அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

பதிவு பண்ண பொது சேவை மையம், தொடக்க வேளாண்மை கூட்டுறவு கடன் சங்கம், பேங்க் மூணுலயும் முடியும். சிட்டா, நடப்பு பருவ அடங்கல் இல்லன்னா விதைப்பு சான்று, ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் வேணும். சேவை மையத்துல பிரீமியத்துக்கு மேல சர்வீஸ் சார்ஜ்னு விவசாயிகிட்ட வாங்கக்கூடாது, அவங்களுக்கு உண்டானது கம்பெனி தரப்புல இருந்து போயிடும். ரசீது வாங்கினதும் அங்கயே நின்னு படிங்க. வருவாய் கிராமம் பேர் சரியா (ஒரே பேர்ல ரெண்டு மூணு ஊர் இருக்கும், வடபாதி தென்பாதின்னு இருக்கும்), சர்வே நம்பரும் உட்பிரிவும் சரியா, பரப்பு ஏக்கர்லயா ஹெக்டேர்லயா, பயிர் பேர், பேங்க் கணக்கு நம்பர் கடைசி நாலு எண், ஆதார் இணைச்ச கணக்கு தானா. கிராமம் மாறி பதிவாகிடுச்சுன்னா இழப்பீடு அந்த ஊர் சராசரிய வச்சு கணக்காகும், இல்ல பரிசீலனையில தள்ளுபடியே ஆகும். கடைசி நாள்ல சர்வர் தொங்கும், எல்லாருக்கும் தெரிஞ்சது தான், சம்பாவுக்கு வழக்கமா நவம்பர் நடுவுல கெடு வைப்பாங்க, தீபாவளி முடிஞ்ச கையோட போய் போட்டுடுங்க. குறுவைக்கு சில வருஷம் நம்ம மாநிலத்துல அறிவிப்பே வராம போயிருக்கு, அதனால அந்த பருவத்துக்கு நம்ம ஊருக்கு நம்ம பயிருக்கு அறிவிப்பு இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் கேக்கணும், போன வருஷம் இருந்துச்சேன்னு விடக்கூடாது.

பயிர்க்கடன் வாங்கினவங்களுக்கு 2020 காரிஃப்ல இருந்து இது கட்டாயம் இல்ல. வேணாம்னா கெடு தேதிக்கு 7 நாள் முன்னாடி எழுதி குடுக்கணும், இல்லன்னா பேங்க்லயே பிடிச்சு போட்டுடுவாங்க. பிடிச்சாங்களான்னு பாஸ்புக்ல பாருங்க. பேங்க் எந்த பயிருக்கு பிடிச்சிருக்குன்னும் கேளுங்க, லோன் பேப்பர்ல கரும்புன்னு இருக்கும், நீங்க நெல்லு நட்டிருப்பீங்க.

குத்தகைக்கு சாகுபடி பண்றவங்களும் சேரலாம். ஆனா அடங்கல்ல சாகுபடி பண்றவர் பேர் ஏறணும், அதுக்கு நில உரிமையாளர் மனசு வைக்கணும், கோயில் நிலமா இருந்தா குத்தகை ரசீது வேணும். வாய்மொழி குத்தகையில உரிமையாளர் பேர்ல பதிவு போட்டு பணம் அவர் கணக்குக்கு போற கூத்தெல்லாம் நடக்குது. நடவுக்கு முன்னாடியே இத பேசி முடிங்க, தண்ணி வந்தப்புறம் பேச முடியாது.

தென்னைக்கு

2018 நவம்பர் 16 விடிகாலைல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வரைக்கும் தென்னைய சாச்சுட்டு போனப்ப, மரத்துக்கு இன்சூரன்ஸ்னு ஒண்ணு இருக்கறதே பாதி பேருக்கு அன்னைக்கு தான் தெரிஞ்சுது. தென்னை மர காப்பீடு தென்னை வளர்ச்சி வாரியத்தோட திட்டம், அக்ரிகல்ச்சர் இன்சூரன்ஸ் கம்பெனி மூலமா நடக்குறது. அந்த திட்ட கணக்குப்படி 4ல இருந்து 15 வயசு மரத்துக்கு 900 ரூபா கவர், வருஷ பிரீமியம் மரத்துக்கு 9 ரூபா. 16ல இருந்து 60 வயசுக்கு 1,750 ரூபா கவர், பிரீமியம் 14 ரூபா. அதுலயும் விவசாயி பங்கு கால்வாசி தான், பாதி வாரியமும் மீதி மாநில அரசும் கட்டும். காய்க்கிற ஒரு மரம் தர்ற வருமானத்துக்கு 1,750 ரூபாங்கறது கொசுறு, ஒத்துக்கறேன். ஆனா இருநூறு மரம் விழுந்தா அது மூணரை லட்சம், விழுந்த மரத்த வெட்டி அப்புறப்படுத்தி புதுக்கன்னு வைக்க அது உதவும். தோட்டக்கலை ஆபீஸ்ல இந்த வருஷ பதிவு எப்பன்னு கேட்டு போடுங்க. மரத்த எண்ணி நம்பர் போட்டு போட்டோ எடுத்து வச்சிருங்க, விழுந்ததுக்கு அப்புறம் எத்தன நின்னுச்சுன்னு நிரூபிக்கறது கஷ்டம்.

மாட்டுக்கு

கால்நடைக்கு ரெண்டு வழி. ஒண்ணு தேசிய கால்நடை இயக்கத்துல மானியத்தோட போடறது, 2024ல மாத்தினதுக்கு அப்புறம் விவசாயி பங்கு பிரீமியத்துல 15 சதவீதம் தான். இன்னொண்ணு நேரா கம்பெனில முழு பிரீமியம் கட்டி போடறது, லோன் போட்டு மாடு வாங்கினா பேங்க் இத தான் போட சொல்லும். மானிய ஒதுக்கீடு மாவட்டத்துக்கு இவ்வளவுன்னு தான் வரும், சீக்கிரம் தீர்ந்துரும், அதனால கால்நடை மருந்தக டாக்டர்கிட்டயும் பால் சங்கத்துலயும் சொல்லி வைங்க.

மாட்டுக்கு எல்லாமே காது வில்லை தான். மாடு செத்தா அந்த வில்லை நம்பரும் பாலிசி நம்பரும் ஒத்துப்போகணும், வில்லை இல்லன்னா கிளெய்ம் இல்லன்னு கம்பெனி நேரடியாவே சொல்லும். மேயும்போது முள்ளுல மாட்டி வில்லை கழண்டு போறது சகஜம், போன அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லி புது வில்லை போட்டு கம்பெனிக்கு எழுதி கொடுத்து பாலிசில நம்பர மாத்தணும். நிறைய பேர் "அடுத்த தடவ ஊசி போட வரும்போது போட்டுக்கலாம்"னு விட்டுட்டு மாட்டம்மை வந்து மாடு போனதும் அழுவாங்க.

மாட்டோட மதிப்ப டாக்டர் பால் அளவ, ஈத்த, வயச பார்த்து எழுதுவாரு. பிரீமியம் குறையும்னு குறைச்சு எழுத சொல்லாதீங்க. நோய்க்கான கவர் பாலிசி போட்டதும் உடனே தொடங்காது, பொதுவா 15 நாள் காத்திருப்பு இருக்கும், விபத்துக்கு அந்த காத்திருப்பு இல்ல. மாடு சாகாம நிரந்தரமா கறவை நின்னு போறதுக்கோ சினை பிடிக்காம போறதுக்கோ கவர் தனியா கேட்டு எக்ஸ்ட்ரா கட்டினா தான் வரும். செத்தா உடனே, அன்னைக்கே கம்பெனிக்கும் டாக்டருக்கும் சொல்லுங்க, பிரேத பரிசோதனை ஆகறதுக்கு முன்னாடி புதைச்சுடாதீங்க. வில்லையோட மாடு படுத்திருக்க போட்டோ, காதுல நம்பர் தெரியற போட்டோ, பின்னணியில தொழுவம் தெரியற போட்டோன்னு குறைஞ்சது மூணு எடுங்க.

வீட்டுக்கு

பாரத் கிருஹ ரக்ஷாங்கற பாலிசி எல்லா பொது காப்பீட்டு கம்பெனியும் கண்டிப்பா விக்கணும். தீ, இடி மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, வண்டி வந்து மோதறது, கலவரம் இதெல்லாம் அதுல அடங்கும். காப்பீட்டு தொகை எப்படி கணக்கு போடறதுன்னா கட்டின சதுர அடிய இன்னைக்கு நம்ம ஊர்ல கட்ட ஆகற ரேட்டால பெருக்கணும். மனை விலைய சேர்க்காதீங்க, மண்ணு எங்கயும் போகாது. 800 சதுர அடி, சதுர அடி 1,800 ரூபான்னா 14 லட்சத்து 40 ஆயிரம். வீட்டு சாமானுக்கு கட்டட தொகையில 20 சதவீதம் அதுவாவே சேர்ந்துரும், அதிகபட்சம் 10 லட்சம் வரை, அதுக்கு மேல வேணும்னா லிஸ்ட் கொடுத்து கூட்டிக்கலாம். இந்த பாலிசில தொகை கொஞ்சம் குறைச்சு போட்டுட்டேங்கறதுக்காக இழப்பீட்ட விகிதமா வெட்ட மாட்டாங்க, அது ரொம்ப நல்ல விஷயம். ஆனா சதுர அடிய சரியா சொல்லணும், மாடில கட்டின ரூம விட்டுடக்கூடாது. பிரீமியம் ரொம்ப கம்மி, நல்ல தார்சு வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரு தீபாவளி புடவை விலைக்குள்ள முடிஞ்சுரும்.

கிராமத்து வீட்டுல கவனிக்க வேண்டியது மூணு நாலு இருக்கு. கூரை எதுன்னு மறைக்காதீங்க. ஓலை, வைக்கோல், மூங்கில், தார்பாய் இதெல்லாம் கச்சா கட்டடம்னு தனியா பார்ப்பாங்க, பாலிசில தார்சுன்னு போட்டு நேர்ல கீத்து கொட்டகை இருந்தா தீப்பிடிச்ச அன்னைக்கு மாட்டுவீங்க. முன்பக்கம் தார்சு, பின்பக்கம் அடுப்படி கீத்துன்னா அத அப்படியே எழுத சொல்லுங்க. மாட்டு கொட்டகை, மோட்டார் ரூம், வைக்கோல் போர் இதெல்லாம் வீட்டுக்குள்ள தானா வந்துடாது, ஒவ்வொண்ணா பேர் சொல்லி சேர்க்க முடியுமான்னு கேளுங்க. விக்கறதுக்கு அடுக்கி வச்சிருக்க நெல்லு மூட்டை, பருத்தி, மஞ்சள் வீட்டு சாமான் கணக்குல வராது, அது சரக்கு, தனியா எழுதணும். நகைக்கும் தனியா கேட்டு சேர்க்கணும்.

திருட்டு பத்தி ஒரு விஷயம், இந்த பாலிசில திருட்டுங்கறது வெள்ளமோ தீயோ வந்து அதனால வீடு திறந்து கிடந்து 7 நாளைக்குள்ள போனா தான். சும்மா பூட்ட உடைச்சு எடுத்துட்டு போனா அதுக்கு கொள்ளை கவர் தனியா எடுக்கணும். திருப்பூர், சென்னை, வளைகுடான்னு எல்லாரும் வேலைக்கு போய் வீடு மாசக்கணக்குல பூட்டி கிடக்கும்னா அத முன்னாடியே சொல்லி, அப்ப கவர் நிக்குமான்னு எழுத்துல வாங்குங்க.

அப்புறம் பேர். வீட்டு வரி ரசீது தாத்தா பேர்ல, இபி பில்லு அப்பா பேர்ல, குடியிருக்கறது தம்பின்னு இருக்கும். பாலிசி யார் பேர்லயோ அவருக்கு அந்த வீட்டுல உரிமை இருக்குன்னு காட்டணும், நத்தம் பட்டாவோ வாரிசு சான்றோ கைல இல்லாம இருந்தா போடறதுக்கு முன்னாடியே அத சரி பண்ணுங்க. வீட்டு லோன் வாங்கினப்பயே பேங்க்ல இன்சூரன்ஸ் போட்டுட்டாங்கன்னு சொல்றவங்க அந்த பேப்பர எடுத்து பாருங்க, பாதி நேரம் அது லோன் வாங்கினவர் இறந்தா கடன அடைக்கிற ஆயுள் காப்பீடு, வீட்டு சுவருக்கு அதுல ஒரு பைசா கிடையாது.

மோட்டார், டிராக்டர்

பம்புசெட்டுக்கு தனி பாலிசி பொதுத்துறை கம்பெனிகள்ல உண்டு, தீ, இடி, திருட்டு, காயில் எரியறது வரைக்கும் வரும், மோட்டார் சீரியல் நம்பர் பில்லோட வேணும். டிராக்டருக்கு மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம், அது எல்லாருக்கும் தெரியும், ஆனா டிரெயிலருக்கு தனியா சேர்த்திருக்கான்னு பார்க்க மாட்டாங்க. பாலிசில விவசாய உபயோகம்னு இருக்கும்போது வாடகைக்கு செங்கல், மணல் அடிச்சா பிரச்சனை. நடவு ஆளுங்கள டிரெயிலர்ல ஏத்திட்டு போறது தான் எல்லாத்தவிட ஆபத்து, அது ஆள் ஏத்தற வண்டி இல்லன்னு கம்பெனி கைய விரிச்சுட்டா இழப்பீட்டு தொகை உங்க நிலத்து மேல தான் வந்து விழும்.

கடை, மில்லு, பண்ணை

ஒரே இடத்துல கட்டடம், மெஷின், சரக்கு எல்லாம் சேர்த்து 5 கோடிக்குள்ள இருந்தா பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷாங்கற பாலிசி. மளிகை கடை, உரக்கடை, மாவு மில்லு, மரச்செக்கு, தறி, சின்ன ரைஸ் மில்லு எல்லாம் இதுக்குள்ள வந்துரும். 5ல இருந்து 50 கோடி வரைக்கும் லகு உத்யம்னு வேற ஒண்ணு. இது அடிப்படையில தீ, வெள்ளம், புயல் பாலிசி. பூட்ட உடைச்சு திருடறது, கல்லாப்பெட்டி பணம், கொண்டுபோற வழியில பணம் பறிபோறது, பிரிட்ஜ் ரிப்பேர் இதெல்லாம் வேணும்னா கடைக்காரர் பாலிசின்னு பேக்கேஜ் கேளுங்க. திருட்டு கவர்லயும் உடைச்சு நுழைஞ்ச அடையாளம் இருக்கணும், வேலையாளு கொஞ்சம் கொஞ்சமா எடுத்தது சேராது.

வீட்டு பாலிசிக்கும் இதுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம், இதுல தொகைய குறைச்சு போட்டா வெட்டுவாங்க. 15 சதவீதம் வரைக்கும் குறைஞ்சா கண்டுக்க மாட்டாங்க, அதுக்கு மேலன்னா விகிதம் தான். கடையில 10 லட்சம் சரக்கு, பாலிசி 5 லட்சத்துக்கு, எரிஞ்சது 2 லட்சம்னா "5 லட்சத்துக்கு இருக்கே, 2 லட்சம் தானே"ன்னு நினைப்பீங்க, கிடைக்கறது 1 லட்சம் தான். ஜவுளி கடைக்கு தீபாவளிக்கு முன்னாடி, மளிகைக்கு பொங்கலுக்கு முன்னாடி, உரக்கடைக்கு சம்பா தொடக்கத்துல சரக்கு எவ்வளவு ஏறுமோ அந்த உச்சத்துக்கு போடுங்க. குடோன் வேற தெருவுல இருந்தா அந்த முகவரியும் பாலிசில வரணும், அங்க எரிஞ்சா கடை முகவரி பாலிசி உதவாது.

மெஷின் வச்சிருக்கவங்களுக்கு இன்னொண்ணு. வோல்டேஜ் ஏறி மோட்டார் எரிஞ்சா அந்த மோட்டாருக்கு தீ பாலிசில பணம் வராது, அதுல இருந்து தீ பரவி பக்கத்துல இருக்கறது எரிஞ்சா தான் அதுக்கு வரும். நம்ம ஊர் கரண்ட்டுக்கு மெஷினரி பிரேக்டவுன் கவர் தனியா போடறது நல்லது.

கறிக்கோழி பண்ணை ஒப்பந்தத்துக்கு நடத்தறவங்க, கோழி கம்பெனியோடது, கொட்டகை உங்களோடது. கம்பெனி அவங்க கோழிக்கு இன்சூரன்ஸ் போட்டிருந்தாலும் சூறைக்காத்துல ஷீட்டு பறந்தா நீங்க தான் பார்த்துக்கணும். கொட்டகை, தண்ணி லைன், ஜெனரேட்டர் எல்லாத்துக்கும் உங்க பேர்ல பாலிசி வேணும்.

பேங்க்ல சிசி லோன் (சரக்க ஈடா வச்சு வேணும்போது எடுத்துக்கற கடன்) இருந்தா பேங்க்கே பிரீமியம் பிடிச்சு பாலிசி போடும், காப்பி பேங்க் ஃபைல்ல தூங்கும். போய் ஒரு காப்பி கேட்டு வாங்குங்க. கடைய மாத்தி மூணு வருஷம் ஆகியிருக்கும், பாலிசில பழைய முகவரி ஓடிக்கிட்டு இருக்கும். சரக்குக்கு மட்டும் போட்டிருப்பாங்க, கட்டடமும் ஃபர்னிச்சரும் வெளிய நிக்கும். தொகை லோன் அளவுக்கு இருக்கும், சரக்கு அளவுக்கு இருக்காது.

ஆளுக்கு

தலைப்புல இல்லைன்னாலும் இத சொல்லாம விட முடியல. பேங்க் கணக்குல வருஷத்துக்கு 20 ரூபா பிடிக்கிற பிரதம மந்திரி சுரக்ஷா பீமா 18ல இருந்து 70 வயசு வரை, விபத்து மரணத்துக்கு 2 லட்சம். பாம்பு கடி, பனைமரம் ஏறி விழறது இதெல்லாம் விபத்துல வரும், ஆனா உடனே ஆஸ்பத்திரிக்கு போன ரெக்கார்டு வேணும், நாட்டு வைத்தியம் மட்டும் பார்த்து ஆள் போயிட்டா நிரூபிக்க ஒண்ணும் இருக்காது. 436 ரூபாய்க்கு ஜீவன் ஜோதி 18ல இருந்து 50 வயசுக்குள்ள சேரணும், எப்படி இறந்தாலும் 2 லட்சம். ரெண்டும் ஜூன் 1ல இருந்து மே 31 வரை, மே மாசக் கடைசியில கணக்குல காசு இல்லன்னா கவர் போச்சு.

வாங்கும்போதும் அப்புறமும்

பிரீமியம் ஏஜென்ட்டோட ஜிபேக்கு போடாதீங்க, கம்பெனி கணக்குக்கு போகணும், கம்பெனிக்கு பணம் வந்தா தான் ரிஸ்க் தொடங்கும். புயல் சின்னம் உருவாயிடுச்சுன்னு ரேடியோல சொன்னதும் ஓடி வந்து போடலாம்னு இருக்காதீங்க, அந்த நேரத்துல கம்பெனிகள் புது பாலிசிய நிறுத்தி வைப்பாங்க. ஏஜென்ட்கிட்ட "எல்லாம் கவர் ஆகுமா?"ன்னு கேட்டா "ஆகும் சார்"னு தான் வரும். "எது எது ஆகாது, அந்த பக்கத்த காட்டுங்க"ன்னு கேளுங்க. சொல்றத வாட்ஸ்அப்ல டைப் பண்ணி அனுப்ப சொல்லுங்க, அப்ப தான் உண்மையான பதில் வரும்.

போட்டதும் வீடு, கடை, தொழுவம் எல்லாத்தையும் உள்ளயும் வெளியயும் ஒரு வீடியோ எடுத்து வெளியூர்ல இருக்க பிள்ளைக்கோ மாப்பிள்ளைக்கோ அனுப்பி வைங்க. போன் வெள்ளத்துல போனாலும் அது இருக்கும். சரக்கு நோட்டு, வாங்கின பில்லு இதையும் மாசத்துக்கு ஒரு தடவ போட்டோ எடுத்து வைங்க, எரிஞ்ச கடையில பில்லும் சேர்ந்து தானே எரியும்.

சேதம் ஆனா முதல்ல போன், அதே நாள்ல ஒரு மெயிலோ எழுத்து கடிதமோ. தீன்னா தீயணைப்பு துறை அறிக்கை, திருட்டுன்னா போலீஸ் எஃப்ஐஆர், வெள்ளம்னா வி.ஏ.ஓ. சான்று. கம்பெனி சார்பா சேதத்த மதிப்பிட வர்ற சர்வேயர் வர்றதுக்கு முன்னாடி குப்பைய அள்ளி கொட்டிடாதீங்க, அதே நேரம் நல்லா இருக்க சாமான நனைய விட்டுட்டு உக்காந்திருக்கவும் கூடாது, போட்டோ எடுத்துட்டு நகத்துங்க. சர்வேயர் வெள்ளை பேப்பர்ல கையெழுத்து கேட்டா போடாதீங்க. "முழு திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்"னு எழுதின வவுச்சர்ல குறைஞ்ச தொகைக்கு கையெழுத்து போட்டா அப்புறம் மிச்சத்த கேக்கறது சிரமம், ஒத்துக்கலைன்னா எழுத்துல சொல்லுங்க.

பயிர் காப்பீட்டு தகராறுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையில குறைதீர் குழு இருக்கு, மனுவோட பதிவு ரசீது, அடங்கல், டாக்கெட் நம்பர் மூணையும் சேருங்க. வீடு, கடை பாலிசிக்கு முதல்ல கம்பெனியோட குறைதீர் அதிகாரிக்கு எழுதணும். 30 நாள்ல பதில் வரல, இல்ல வந்த பதில் பிடிக்கலன்னா சென்னையில இருக்க காப்பீட்டு குறைதீர்ப்பாளர்கிட்ட போகலாம், தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அவங்க தான். 50 லட்சம் வரைக்கும் விசாரிப்பாங்க, தனி ஆள் நடத்தற கடை, குறுந்தொழில் புகாரையும் எடுத்துக்குவாங்க. ஃபீஸ் கிடையாது, வக்கீல் வேணாம். கம்பெனி மறுத்து ஒரு வருஷத்துக்குள்ள போடணும், அதனால மறுப்பு கடிதம் வந்த கவர தூக்கி போடாதீங்க, தபால் முத்திரை தேதியோட வைங்க. 155255ங்கற எண்ல ஐஆர்டிஏஐக்கும் புகார் பதியலாம்.